இருட்டான கதை பிடிக்கும் எனக்கு, பிடிக்காது அவருக்கு: உங்கள் வீட்டில் எப்படி?

மழைக்காகம் (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். இங்க கணவன் மனைவி ரெண்டு பேரும் வாசிக்கிற வீடுகள் நிறைய இருக்கு, அதான் கேக்குறேன்.

எனக்கு இருட்டான கதைகள்தான் பிடிக்கும். பேய்க்கதையைச் சொல்லல. மனுஷனுக்கு மனுஷன் செய்யுற கொடுமையைக் கண்ணைத் திருப்பிக்காம எழுதுற கதைகள். ஜி. நாகராஜன், இமையம், ஷோபாசக்தின்னு தேடித்தேடிப் படிப்பேன். என் வீட்டுக்காரரும் வாசிப்பார். சரித்திர நாவல், பயணக் கட்டுரை, கி.ரா. அப்படின்னா விடிய விடிய உட்காருவார். நான் படிக்கிறது மட்டும் அவருக்கு ஆகவே ஆகாது.

போன வாரம் ஏழாம் உலகத்தை மறுபடி எடுத்தேன். படிக்காதவங்களுக்காகச் சொல்றேன்: உடல் ஊனமுள்ள பிச்சைக்காரங்களை வாங்கி விக்கிற ஒரு பண்டாரத்தோட கதை. 2003ல வந்த நாவல். அவங்களை 'உருப்படி'ன்னுதான் அந்தத் தொழில்ல சொல்வாங்க. அதே பண்டாரம் வீட்டுக்கு வந்தா பொண்ணுங்க மேல உயிரையே வெச்சிருக்கிற அப்பா. சாமி பக்தி உள்ள ஆள். பொண்ணைக் கட்டிக்கொடுக்கணுமேன்னு கவலைப்பட்டு அலையுறார். இந்த ரெண்டும் ஒரே நெஞ்சுக்குள்ள எந்த உறுத்தலும் இல்லாம இருக்கே, அதுதான் என்னை உலுக்கினது. ஒரு பக்கத்தை அவருக்கு வாசிச்சுக் காட்டினேன். அடுப்படியில தோசை ஊத்திட்டு இருந்தார். கரண்டியைக் கீழ வெச்சிட்டு "போதும்மா"ன்னார். ராத்திரி படுக்கும்போது கேட்டார்: "இதையெல்லாம் படிச்சு உனக்கு என்ன சந்தோஷம்? பாப்பாவுக்குத் தலை பின்னி விடுற கைதானே இதையும் புரட்டுது?"

கோபமா கேட்டிருந்தா பதில் சொல்லிருப்பேன். பயந்து கேட்டார். அதுதான் என்னால தாங்க முடியல. ஒரே வீட்டுல இப்படி ரெண்டு பேர் இருக்கிறவங்க என்ன பண்றீங்க?

கடலைமிட்டாய்

அவர் படிக்க வேண்டாம்னா படிக்காம இருக்கட்டும், உங்களை ஏன் தடுக்கணும்? உங்க காசு, உங்க நேரம், உங்க புத்தகம். விளக்கம் கொடுக்கவே ஆரம்பிக்காதீங்க. ஒரு தடவை கொடுத்தா ஒவ்வொரு புத்தகத்துக்கும் கொடுக்கணும்.

மழைக்காகம்

அவர் தடுக்கலைங்க. தடுத்திருந்தா நான் இங்க வந்து கேட்டிருக்கவே மாட்டேன், வீட்டுலயே சண்டை போட்டிருப்பேன். நான் எப்படிப்பட்டவளோன்னு அவருக்கு ஒரு சந்தேகம் வந்துடுச்சு. அதைப் போக்க முடியுமான்னுதான் கேக்குறேன்.

சைரன்_தம்பி

அக்கா, நான் உங்க வீட்டுக்காரர் கட்சி. எங்க வீட்டுல என் சம்சாரம்தான் நீங்க.

நான் 108 ஆம்புலன்ஸ்ல வேலை பார்க்கிறேன். இதைச் சொன்ன உடனே எல்லாரும் கேக்குறது ஒண்ணுதான்: "தினம் ரத்தம் பாக்குற ஆளு, படத்துல வர்ற ரத்தத்துக்கா பயப்படுற?" ரோட்டுல பாக்குறப்ப கைக்கு வேலை இருக்குக்கா. காயத்தை அமுக்கிப் பிடிக்கணும், கழுத்து அசையாம பார்க்கணும், ஆக்சிஜன் வைக்கணும், ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு என்ன கேஸுன்னு சொல்லணும். பயப்பட நேரமே இருக்காது. சோபால உட்கார்ந்து படம் பாக்குறப்ப கை சும்மா கிடக்கு. ஒருத்தன் துடிக்கிறான், நான் ஒண்ணும் பண்ண முடியாது. அது எனக்கு ஆகாது.

அவளுக்கு ராட்சசன் மாதிரி படம்னா உயிர். 2018ல தியேட்டருக்கே இழுத்துட்டுப் போனா. பரிசுப் பெட்டியைத் திறந்தா உள்ள சிதைச்சு வெச்ச பொம்மை இருக்குமே, அந்த இடத்துலயே நான் பாப்கார்ன் வாங்கப் போறேன்னு வெளிய வந்துட்டேன். இப்ப வீட்டுல அவ ஹெட்போன் போட்டுத்தான் பாக்குறா. முதல்ல ஹாலுக்கும் ரூமுக்கும் நடுவுல சுவர் இருக்கு, போதும்னு நினைச்சோம். ஆனா அந்தப் பின்னணி இசை சுவரைத் தாண்டி வந்துச்சு. வசனம் புரியாம வெறும் இசையும் அலறலும் மட்டும் கேட்டா இன்னும் மோசம்.

ஆனா ஒரு வழி கிடைச்சுது. கதையோட முடிவை முதல்லயே எங்கிட்ட சொல்லிடுவா. யார் சாவாங்க, யார் பொழைப்பாங்கன்னு தெரிஞ்சுட்டா நானும் பக்கத்துல உட்கார்ந்துடுவேன். எல்லாப் படத்துக்கும் இல்ல, சில படத்துக்கு. "சஸ்பென்ஸே போச்சு"ன்னு அவ தம்பி திட்டுவான். எங்களுக்கு அது பரவால்ல.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

மகளே, உன் கணவருக்கு ஒரு செய்தி சொல்லலாம். இருட்டும் அருவருப்பும் நம் இலக்கியத்துக்கு நேற்று வந்தவை அல்ல. உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளைத் தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டு என்று எண்ணும்போது நகையையும் உவகையையும் சொன்ன அதே நூற்பாவில் இளிவரல் எனும் அருவருப்பையும் அச்சத்தையும் சேர்த்தே சொல்கிறார். எதையும் தள்ளிவைக்கவில்லை.

கலிங்கத்துப்பரணியை எடுத்துக்கொள். முதற்குலோத்துங்கனின் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்தை வென்றதைச் செயங்கொண்டார் பாடியது. அதன் கடைசிப் பகுதியில் போர்க்களத்துப் பேய்கள் கூழ் சமைக்கின்றன. இறந்தவர்களின் பற்கள்தாம் அரிசி. அதைக் குற்றிப் புடைக்கும்போது நம் பெண்கள் நெல் குற்றும்போது பாடும் வள்ளைப்பாட்டையே பேய்களும் பாடுகின்றன, மன்னன் புகழை வைத்து. பிறகு பந்தி. குருட்டுப் பேய்க்கு, ஊமைப் பேய்க்கு, கருவுற்ற பேய்க்கு என்று யாரையும் விடாமல் பார்த்துப் பார்த்துப் பரிமாறுவார்கள். வகுப்பில் இதை நடத்தும்போது மாணவர்கள் முகம் சுளிப்பார்கள், அடுத்த வரிக்கே சிரிப்பார்கள், மணி அடித்தாலும் எழ மாட்டார்கள்.

உன் கேள்விக்கு நேராக வருகிறேன். அதே நூலின் தொடக்கத்தில் கடவுள் வாழ்த்து முடிந்ததும் வருவது கடைதிறப்பு. போருக்குப் போன கணவர் வரத் தாமதித்ததால் ஊடிக் கதவடைத்த பெண்களைப் பார்த்து, கதவைத் திறங்கள், பரணி பாடப்போகிறோம் என்று அழைக்கும் பகுதி. பிணமும் பேயும் நிறைந்த ஒரு நூலை வீட்டுக் கதவடியில் நின்று, காதலும் கோபமும் கலந்த பெண்களை அழைத்துத்தான் தொடங்குகிறார் செயங்கொண்டார். அந்தக் கதையைக் கேட்கத் தகுதியானவர்கள் என்று அவர் முதலில் கூப்பிட்டது அவர்களைத்தான்.

காரைக்கால் அம்மையாரின் மூத்த திருப்பதிகம் "கொங்கை திரங்கி நரம்பெழுந்து" என்று ஒரு பெண்பேயின் உடலை அங்கம் அங்கமாகச் சொல்லித் தொடங்குகிறது. சுடுகாடுதான் களம். அதைக் கோயிலில் பாடுகிறோம், பாடியவரை நாயன்மார் வரிசையில் வைத்துக் கும்பிடுகிறோம்.

செம்பருத்தி

ஐயா சொன்னதை மதிக்கிறேன். ஆனா பரணியைக் காட்டி இன்னைக்கு வர்றதுக்கெல்லாம் அனுமதிச் சீட்டு கொடுக்க என் மனசு ஒப்பல.

எங்க வீட்டுல நிலைமை தலைகீழ். என் கணவர்தான் பார்க்கிறவர். அவர் பார்க்கிறது கதைகூட இல்ல. நிஜமா நடந்த கொலைகளை எடுத்து, பின்னணி இசை போட்டு, குரலை ஏத்தி இறக்கிச் சொல்ற யூடியூப் வீடியோக்கள். செத்துப்போன பொண்ணோட கல்யாண போட்டோவை முகப்புப் படமா வெச்சு, மேல சிவப்பு வட்டம் போட்டிருப்பாங்க. அந்தப் பொண்ணுக்கு அம்மா இருக்காங்க, பிள்ளைங்க இருக்காங்க. அவங்க யாரும் சம்மதம் கொடுத்திருக்க மாட்டாங்க. சாப்பிடும்போது தட்டுக்குப் பக்கத்துல போனைச் சாய்ச்சு வெச்சு இவர் அதைப் பார்க்கிறார். எனக்குச் சோறு இறங்க மாட்டேங்குது.

"நீயும்தான் விசாரணை படத்தைப் பார்த்தே, அதுலயும் அடிதானே"ன்னு கேக்குறார். அந்தப் படம் சந்திரகுமார் எழுதின லாக்கப் நாவல்லருந்து வந்தது. கோயம்புத்தூர்ல ஆட்டோ ஓட்டினவர் அவர். குண்டூர்ல போலீஸ்கிட்ட தான் பட்ட அடியைத் தானே எழுதினார். அடி வாங்கினவனோட இடத்துல நின்னு அந்தக் கதை நடக்குது. ஒவ்வொரு அடிக்கும் 'இதை யாராவது நிறுத்தட்டுமே'ன்னு நாம தவிக்கிறோம். அவர் பார்க்கிற வீடியோவுல 'அடுத்து என்ன ஆச்சு தெரியுமா'ன்னு நாக்கைச் சப்புக்கொட்ட வைக்கிறாங்க.

மழைக்காகம், உங்க புத்தகத்தை நான் குறை சொல்லல. உங்க கணவருக்கு வந்த சந்தேகம் எல்லா இடத்துலயும் தப்பான சந்தேகம் இல்லன்னு மட்டும் சொல்றேன். ஒருத்தர் எதை ரசிக்கிறார்னு பார்த்துப் பயப்பட சில நேரம் காரணம் இருக்கு. பொண்ணு உடம்பைத் துண்டு துண்டா காட்டுறதையே ருசியா வெச்சிருக்கிற கதைகளும் 'டார்க்'னு அதே பேர்லதான் விக்குது.

கடலைமிட்டாய்

செம்பருத்தி, நிஜக் கொலை வீடியோ விஷயத்துல முழுசா உங்க பக்கம். அது வேற இழை போட்டுப் பேச வேண்டியது.

கடலோரம்

வணக்கம் அக்கா. நான் யாழ்ப்பாணத்தில பிறந்து இப்ப ரொறன்ரோவில இருக்கிறன். இந்த இழையை ரெண்டு நாளா வாசிச்சுக்கொண்டு இருந்தனான், எழுதுவமோ விடுவமோ எண்டு யோசிச்சு.

என்ர மனுசன் வன்னியில இருந்தவர். 2009 மே மாதம் முள்ளிவாய்க்கால் மட்டும் போனவர். நான் அதுக்கு முதலே வெளிநாடு வந்திட்டன். கலியாணம் கட்டினது பிறகுதான். நான் வாசிக்கிறது முழுக்க அந்தக் காலத்துக் கதையள். ஷோபாசக்தியின்ர 'ம்' நாவலில 1983 வெலிக்கடைச் சிறைப் படுகொலை வருது. ஒரே இருப்பில வாசிச்சு முடிச்சனான். அவர் அந்தப் புத்தகத்தைக் கையால தொடேல்ல. ஏன் வாசிக்கிறாய் எண்டும் கேக்கேல்ல. நான் வாசிக்கிற நேரம் எழும்பிப்போய் வெளியில நிண்டிட்டு வருவார், பனிக்குளிரிலயும்.

அவர் பாக்கிறது வடிவேலு பகிடி மட்டும்தான். ஒரே பகிடியைத் திரும்பத் திரும்பப் பாப்பார். ஒருக்கா கேட்டன், ஏன் பாத்ததையே பாக்கிறியள் எண்டு. "அடுத்தது என்ன நடக்கும் எண்டு தெரியும்" எண்டார். இங்க 108இல வேலை செய்யிற தம்பி முடிவைக் கேட்டுப்போட்டுத்தான் படம் பாக்கிறன் எண்டு எழுதினதை வாசிச்சோடன எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

அவருக்குக் கஷ்டமா இருக்கு எண்டு தெரிஞ்சும் நான் ஏன் வாசிக்கிறன்? அவர் சொல்லாததை எனக்கு வேற எங்க தேடுறது எண்டு தெரியேல்ல. கதையில வாறதை வைச்சு "உங்களுக்கும் இப்பிடி நடந்ததோ" எண்டு அவரிட்ட ஒருநாளும் கேட்டதில்லை, கேக்கவும் மாட்டன். புத்தகங்களை என்ர வேலை மேசையில வைச்சிருக்கிறன், படுக்கை அறைக்குக் கொண்டுபோறதில்லை. இதுக்கு மேல எங்களுக்க ஒரு ஒப்பந்தமும் இல்லை. இதைப்பற்றி நாங்கள் கதைச்சதும் இல்லை.

சைரன்_தம்பி

அக்கா, அண்ணனுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்க.

மனவெளி

உளவியல் படித்தவன் என்ற முறையில் ஒரு விஷயம் சேர்க்கிறேன், மழைக்காகத்தின் கணவருக்குப் பொருந்தலாம்.

1986இல் டால்ஃப் ஜில்மனும் உடன் ஆய்வாளர்களும் ஒரு சோதனை செய்தார்கள். கல்லூரி மாணவர்களுக்கு ஒரு திகில் படப் பகுதியைக் காட்டினார்கள். ஒவ்வொருவர் பக்கத்திலும் எதிர்ப்பாலினத்தைச் சேர்ந்த ஒருவர். அவர் உண்மையில் ஆய்வாளர்களின் ஆள். பயந்த மாதிரியோ, அலட்டிக்கொள்ளாத மாதிரியோ நடிக்கச் சொல்லப்பட்டவர். பக்கத்துப் பெண் பயந்தபோது ஆண்கள் படத்தை அதிகம் ரசித்ததாகச் சொன்னார்கள். பக்கத்து ஆண் பயந்தபோது பெண்களின் ரசனை குறைந்தது. படம் ஒன்றேதான்.

அதாவது, திகில் கதை முன்னால் ஆணுக்கு ஒரு வேடம் ஏற்கெனவே எழுதிவைக்கப்பட்டிருக்கிறது: தைரியமாக இருப்பவன். அந்த வேடம் பொருந்தாத ஆண் "எனக்குத் தாங்கவில்லை" என்று சொல்லக் கூச்சப்படுவான். சொல்ல முடியாதது "உனக்கு எப்படித் தாங்குகிறது?" என்று மனைவி மேல் கேள்வியாகத் திரும்பிவிடும். எல்லா வீட்டிலும் இப்படித்தான் என்று சொல்லவில்லை. ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம்.

ரசிப்பவர் பக்கத்துக்கும் ஆய்வு இருக்கிறது. கண்ணில் நீர் வர வர மிளகாய் தின்பதையும், சோகப் பாட்டை விரும்பிக் கேட்பதையும், திகில் படம் பார்ப்பதையும் பால் ரோசின் ஒரே வரிசையில் வைத்தார். உடம்பு ஆபத்து என்று அலறுகிறது, ஆபத்தில்லை என்று மனசுக்குத் தெரிந்திருக்கிறது. இன்பம் அங்கிருந்து வருகிறது என்பது அவர் வாதம். கொரோனாவின் முதல் மாதங்களில் திகில் பட ரசிகர்கள் மற்றவர்களைவிடக் குறைவான மன உளைச்சலைத் தெரிவித்ததாக 2021இல் ஓர் ஆய்வு வந்தது. இருட்டுக் கதை படிப்பவர் மனசு இருண்டது என்ற முடிவுக்கு வர இவற்றில் எதுவும் இடம் கொடுக்கவில்லை.

மழைக்காகம்

எல்லாருக்கும் நன்றி. கடலோரம், உங்க பதிவை நாலஞ்சு தடவை படிச்சேன்.

எனக்கு இது எங்கிருந்து வந்ததுன்னு சொல்றேன். எங்க அம்மாச்சி நல்லதங்காள் கதை சொல்லும். வத்திராயிருப்பு பக்கம் அர்ச்சுனாபுரத்துல நல்லதங்காளுக்குக் கோயில் இருக்கு. எங்க ஊர்லருந்து ரொம்ப தூரம் இல்ல, அதனால அம்மாச்சிக்கு அது பக்கத்து வீட்டுல நடந்த விஷயம் மாதிரி. பஞ்சத்துல பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு பிறந்த வீடு தேடி வந்தவளை அண்ணி மூளி அலங்காரி பட்டினி போட்டு விரட்டினது. ஏழு பிள்ளையையும் ஒண்ணொண்ணா கிணத்துல போட்டது. மூத்தவன் மட்டும் தப்பிச்சு ஓடுவான், "என்னை மட்டும் விட்டுரும்மா"ன்னு கெஞ்சுவான். அந்த இடம் வந்தா அம்மாச்சி குரல் தேஞ்சு போயிரும். சுத்தி உட்கார்ந்திருக்கிற பொம்பளைங்க முந்தானையில மூக்கைச் சிந்துவாங்க. கதை முடிஞ்சதும் எந்திரிச்சுப் போய் அடுப்பைப் பத்த வைப்பாங்க. பிள்ளைங்களைக் கூப்பிட்டுச் சோறு போடுவாங்க. வழக்கத்தைவிட ஒரு கரண்டி கூடவே விழும்.

அந்தப் பொம்பளைங்களைக் கொடூரமானவங்கன்னு யாரும் சொன்னதில்ல. பிறந்த வீடு கைவிட்டா என்ன ஆகும்னு அவங்க ஒவ்வொருத்திக்கும் உள்ளுக்குள்ள ஒரு பயம் இருந்துச்சு. வாய்விட்டுச் சொல்ல முடியாத அந்தப் பயத்துக்கு நல்லதங்காள் வழியாத்தான் அழுதாங்க. பிள்ளையைக் கிணத்துல போடுற கதையைப் பிள்ளையை மடியில வெச்சுக்கிட்டுத்தான் கேட்டாங்க. பாப்பாவுக்குத் தலை பின்னி விடுற கையாலதான் நான் ஏழாம் உலகத்தைப் படிக்கணும். அடுத்தவன் பிள்ளையைப் பண்டமா பார்த்துக்கிட்டே தன் பிள்ளையைக் கொஞ்சுற மனசு எனக்குள்ள வந்துடக் கூடாதுன்னு அந்தப் புத்தகம்தான் எனக்குக் கத்துக் கொடுத்துச்சு.

செம்பருத்தி சொன்னதையும் ஏத்துக்குறேன். எழுதுறவன் யார் பக்கத்துல நிக்கிறான்னு பார்க்காம நான் எதையும் வாங்கறதில்ல. சில புத்தகத்தை இருபது பக்கத்துலயே மூடி வெச்சிருக்கேன்.

செம்பருத்தி

இதை அப்படியே உங்க கணவர்கிட்ட சொல்லிட்டீங்களா?

மழைக்காகம்

நேத்து ராத்திரி சொன்னேன். மனவெளி சொன்ன மாதிரி "உங்களுக்குத் தாங்கலையா?"ன்னும் கேட்டேன். "அதுவும்தான்"னார். அப்புறம் அவர் சொன்னது நான் எதிர்பார்க்காதது. எங்க அம்மா தவறினதுக்கு அப்புறம்தான் நான் இந்த மாதிரி புத்தகம் அதிகமா எடுக்கிறேனாம். எங்கிட்ட சொல்லாம மனசுக்குள்ள எதையோ வெச்சுப் புழுங்குறேன், அதைத் தேடித்தான் இதுக்குள்ள போறேன்னு நினைச்சிருக்கார். என்னைக் கெட்டவளா நினைக்கவே இல்ல. நான் கரைஞ்சு போயிருவேனோன்னுதான் பயந்திருக்கார்.

அம்மாவை நினைச்சு அழுகை வருதுதான்னு சொன்னேன். அதுக்கு இந்தப் புத்தகங்கள் காரணம் இல்ல, இது இல்லாட்டி எனக்கு அழ இடமே இல்லன்னும் சொன்னேன். ரொம்ப நேரம் பேசிட்டு இருந்தோம், எங்க அம்மாவைப் பத்தி.

ஏற்பாடுன்னு பார்த்தா, அவர் கேக்காம நான் வாசிச்சுக் காட்ட மாட்டேன். அவரும் "எப்படிப் பிடிக்குது"ன்னு கேக்க மாட்டார். "இன்னைக்கு எப்படி இருக்கே"ன்னு கேப்பார். ஏழாம் உலகம் ஹால் அலமாரியிலேயேதான் இருக்கும். அதை உள்ள தள்ளி வைக்கச் சொன்னார், நான் ஒத்துக்கல.

ஒரு விஷயத்துல மட்டும் இன்னும் முடிவு வரல. பாப்பாவுக்கு இப்ப பத்து வயசு. நல்லதங்காள் கதை கேக்குறா. நான் சொல்லணும்ங்கிறேன், அவர் இன்னும் அஞ்சு வருஷம் போகட்டும்ங்கிறார்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

பத்து வயதில் இந்தக் கதையைக் கேட்ட பிள்ளைகள் நம் ஊரில் கணக்கில்லை. ஆனால் அவர்கள் தனியாகக் கேட்கவில்லை. பாட்டி, அத்தை, சித்தி என்று கூட்டத்துக்கு நடுவில், யாராவது ஒருவர் மடியில் இருந்து கேட்டார்கள். உன் கணவரும் கூட இருக்கும்போது சொல். அவர் முகம் சுளிக்கும் இடத்தில் நிறுத்து. மீதியை மறுநாள் சொல்லலாம்.

சைரன்_தம்பி

அக்கா, பாப்பாகிட்ட முடிவை முதல்லயே சொல்லிடுங்க.

மழைக்காகம்

முடிவு அவளுக்குத் தெரியும் தம்பி. ஸ்கூல்ல எவளோ சொல்லிட்டா. "எதுக்கு அப்படிச் செஞ்சாங்க"ன்னுதான் கேக்குறா.